இருக்கைக்கு அடியில் ஆறு ஃபியூஸ்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறுபவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருப்பதால், இன்னும் எத்தனை பாக்கி என்பது ஓட்டுபவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஐப்பசி மாதத்தின் மழை நாளொன்றில், இருட்டத் தொடங்கிய நேரத்தில், நாற்பதாவது பலகையைத் தாண்டிய ஒரு வளைவில் கைப்பிடியை முழுவதும் இடப்பக்கம் ஒடித்தபோது, நான் கூடுதலாகப் பொருத்தியிருந்த இரண்டு விளக்குகளும் ஒரு முறை சிமிட்டின. அடுத்த இடப்பக்க வளைவிலும் சிமிட்டின. அதற்கடுத்ததில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பெட்ரோல் டாங்க்கின் முன் விளிம்புக்கு அடியிலிருந்து, ஊதுவத்திப் புகையைப் போல மெல்லிய வெண்புகை எழுந்தது.

வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. சாவிக்கும் அந்த ஒயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும், அது பாட்டரியிலிருந்து நேராகக் கைப்பிடி ஸ்விட்ச் வரை எந்நேரமும் உயிரோடு இருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தன. இருக்கையைத் திறந்து, செல்பேசி வெளிச்சத்தில் தேடி, பாட்டரிக்குப் பக்கத்தில் தொங்கிய ஃபியூஸ் கூட்டைப் பிடித்து இழுத்தேன். கை சுட்டது. உள்ளே இருந்தது பச்சை நிற ஃபியூஸ். பச்சை என்றால் 30 ஆம்பியர். அத்தனை புகைக்குப் பிறகும் அது அறாமல் முழுசாக இருந்தது. வண்டியின் சொந்த முகப்பு விளக்கு எரிந்ததால், அதை மட்டும் நம்பி மெதுவாக மலைமேல் இருக்கும் செம்மேடு போய்ச் சேர்ந்தேன்.

வண்டி 2018ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சி.சி. வாங்கிய மறு ஆண்டிலிருந்து அதில் ஒவ்வொன்றாகப் பொருட்கள் ஏறின. முதலில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள், பிறகு செல்பேசிக்கான யூ.எஸ்.பி. சார்ஜர், பிறகு இரட்டை ஹாரன், கடைசியாகச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸருக்கு ஒரு சாக்கெட். எல்லாவற்றையும் வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு துணைப்பொருள் கடைகளில் பொருத்தினேன். எந்தக் கடையிலும் அரை மணி நேரத்துக்குமேல் ஆகவில்லை; அதையே அப்போது நான் திறமை என்று எண்ணிக்கொண்டேன்.

சென்னைக்குத் திரும்பியதும் போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி, இருக்கை, பக்கவாட்டு மூடிகள், டாங்க் எல்லாவற்றையும் கழற்றினேன். பாட்டரியின் பாசிட்டிவ் முனையில், ஒரே போல்ட்டுக்கு அடியில், ஐந்து வளையத் திம்பிள்கள், அதாவது ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனைகள், அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கு உயரமாகிவிட்டதால் போல்ட்டின் மரை இரண்டு சுற்றுதான் பிடித்திருந்தது. விளக்குக்குப் போன ஒயர் அரை சதுர மில்லிமீட்டர்தான். ஹாரனுக்கும் அதே கனம்தான். இணைப்புகள் எல்லாம் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியவை. வெயிலில் பசை இளகி, டேப் தானாகவே பிரிந்துகொண்டிருந்தது. இரண்டு இணைப்புகளைப் பிரித்தபோது செம்பு முழுவதும் களிம்பேறிப் பச்சையாக இருந்தது. விரலால் தேய்த்தால் தூளாக உதிர்ந்தது. வங்கக் கடற்கரையில் ஐந்து மழைக்காலம் பார்த்த செம்பு அப்படித்தான் இருக்கும்.

புகை வந்த இடம் முன் ஃபோர்க் திரும்பும் கழுத்துப் பகுதி. ஒயரை அங்கே சட்டகத்தோடு ஒட்டி இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள். கைப்பிடியை இடப்பக்கம் முழுவதும் ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசியிருக்கிறது; நாளடைவில் மேலுறை தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு இரும்பைத் தொட ஆரம்பித்திருக்கிறது. ஆனால் என்னைக் குழப்பியது வேறு. ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போக வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ஒயர் உருகியிருக்கிறது, ஃபியூஸ் ஏன் போகவில்லை?

இந்தக் கேள்வியோடு, எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டுகளாக ஆட்டோ எலெக்ட்ரிகல் வேலை பார்க்கும் ஒருவரிடம் போனேன். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றுதான் அழைப்பேன். கருகிய ஒயரைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தவர், "லைட்டுக்குன்னு நெனச்சு ஃபியூஸ் போட்டிருக்கானுங்க. ஃபியூஸ் லைட்டுக்கு இல்ல தம்பி, ஒயருக்கு" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. ஒரு ஆட்டோ வந்து நின்றது, போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.039 ஓம். பாட்டரியிலிருந்து கழுத்துவரை சுற்றி வந்த நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். ஆகவே மொத்தம் 0.117 ஓம். செம்பு இரும்போடு முழுமையாக ஒட்டியிருந்தால் 100 ஆம்பியருக்குமேல் பாய்ந்திருக்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுந்திருக்கும். ஆனால் உரசலால் ஏற்படும் ஷார்ட் அப்படி முழுமையாக ஒட்டுவதில்லை. பெயின்ட்டும் துருவும் மழை ஈரமும் இடையில் நிற்க, அரைகுறையாகத்தான் தொடும். அந்த அரைகுறைத் தொடுதலில் 25 ஆம்பியர் பாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 73 வாட் வருகிறது. பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் வெப்பம் அந்த மெல்லிய ஒயரின் நீளம் முழுவதும் பரவுகிறது, பி.வி.சி. உறை இளகி உருகுகிறது. 30 ஆம்பியர் ஃபியூஸுக்கோ 25 ஆம்பியர் என்பது அன்றாட வேலை. அது எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தட்டை வடிவ பிளேடு ஃபியூஸ், தன்மேல் எழுதியிருக்கும் அளவில் அறுவதில்லை. அளவைவிட 10 விழுக்காடு கூடுதலாக ஓடினாலும் 100 மணி நேரம் தாங்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். 35 விழுக்காடு கூடினால் சில நிமிடங்கள்வரைகூட எடுத்துக்கொள்ளலாம். இரு மடங்கு ஓடினால்தான் ஐந்து விநாடிக்குள் அறும். ஆகவே, "கொஞ்சம் பெரிய ஃபியூஸாகப் போட்டுவிட்டால் அடிக்கடி போகாது" என்று கடைக்காரர் சொல்வது, அந்தக் காவல்காரரைத் தூங்கச் சொல்வதற்குச் சமம். எங்கள் பழைய வீட்டில் ஃபியூஸ் கட்டையில் கம்பி போகும்போதெல்லாம், கையில் கிடைக்கும் ஒயரின் செம்பு இழைகளில் இரண்டை உருவி அப்பா கட்டிவிடுவார். "இனிமே போகாது பாரு" என்பார். உண்மையில் போகவே இல்லை. ஒரு நாள் மீட்டர் பலகையே கருகியது.

ஆகவே, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து செய்வது என்று முடிவு செய்தேன். இரண்டு கட்டுப்பாடுகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். கம்பெனி போட்ட ஒயரிங் கிட்டில் ஓர் ஒயரைக்கூட வெட்டவோ சீவவோ கூடாது. பாட்டரியின் பாசிட்டிவ் முனையில் கம்பெனித் திம்பிளைத் தவிர என்னுடையது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்த ஒன்றிலிருந்து தடித்த ஒயர் ஒரு ஃபியூஸ் பெட்டிக்குப் போகும். கூடுதல் பொருட்கள் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்தே பிரியும். ஒவ்வொரு கிளைக்கும் அதற்குரிய ஃபியூஸ் இருக்கும். வெளிநாட்டுப் பயணிகளிடையே இதற்கென்றே செய்யப்பட்ட தயார்ப் பெட்டிகள் பெயர் பெற்றவை. ஃபியூஸ்பிளாக் எஃப்.இசட்.1 என்பது அப்படிப்பட்ட ஒன்று. சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்சான ரிலேயை உள்ளேயே கொண்டது, ஆறு கிளை உடையது, ஒவ்வொரு கிளையையும் சாவியோடு சேர்ந்து இயங்குவதாகவோ எப்போதும் உயிரோடு இருப்பதாகவோ ஃபியூஸைச் செருகும் இடத்தைக் கொண்டே மாற்றிக்கொள்ளலாம். அழகான யோசனைதான். ஆனால் இறக்குமதிக்கு ஆகும் செலவில் எனக்கு இரண்டு புது டயர் வந்துவிடும். தவிர, எப்படி வேலை செய்கிறது என்று புரியாத பெட்டி ஒன்றை வாங்கி மாட்டித்தானே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன்?

வாங்குவதற்கு முன்னால் அளந்தேன். விளக்குகளின் அட்டைப்பெட்டியில் ஒவ்வொன்றும் 40 வாட் என்று அச்சிட்டிருந்தது. மல்ட்டிமீட்டரைத் தொடரிணைப்பில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 1.55 ஆம்பியர், அதாவது 20 வாட்தான். விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இருக்கும் தூரம் இந்த முறை எனக்குச் சாதகமாக இருந்தது. சார்ஜர் அதிகபட்சம் 1.7 ஆம்பியர். இரண்டு ஹாரனும் சேர்ந்து 7 ஆம்பியர். காற்றடிக்கும் கம்ப்ரஸர் 10 ஆம்பியர் வரை இழுத்தது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே யாரும் டயருக்குக் காற்றடிப்பதில்லை. மின்னாக்கி தாங்குமா என்பதையும் பாட்டரி முனையிலேயே அளந்து பார்த்தேன். எல்லா விளக்குகளும் எரிய, எஞ்சின் மெதுவோட்டத்தில் 13.1 வோல்ட், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 14.1 வோல்ட். மெதுவோட்டத்திலேயே 13 வோல்ட்டுக்குக் கீழே போகாததால் நிம்மதி. போயிருந்தால் ஒயரிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் பாட்டரி தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவில் பாதியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மீதியும் வாங்கினேன். ஆறு ஃபியூஸுக்கும் தனித்தனி உள்வாயும் வெளிவாயும் உள்ள பெட்டி, 40 ஆம்பியர் நான்கு கால் ரிலே ஒன்று, ஹாரனுக்குச் சிறிய ரிலே ஒன்று, நெகட்டிவ் ஒயர்களைச் சேர்க்க ஒரு பித்தளைப் பட்டை, சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மழைக்குத் தாங்கும் ரப்பர் சீல் வைத்த கனெக்டர்கள், நெளிவுக் குழாய், துணி டேப். ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் எளிதாகக் கிடைப்பதும் மலிவானதும் வீட்டு ஒயர். அதன் உறை 70 டிகிரி வெப்பத்துக்கானது. உள்ளே இழைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே விறைப்பு அதிகம். வண்டிக்கென்று விற்கும் ஒயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும். அதிர்வில் எளிதில் ஒடியாது, எஞ்சின் பக்கத்து வெப்பத்தையும் தாங்கும். கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் வீட்டு ஒயரைத்தான் தருவார்கள்.

கனத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கேள்விகள் உண்டு. ஒயர் சூடாகுமா என்பது ஒன்று; போகும் வழியில் எவ்வளவு வோல்ட் தொலையும் என்பது மற்றொன்று. 12 வோல்ட் வண்டியில் இரண்டாவதுதான் பெரும்பாலும் முந்திக்கொள்ளும். என் பழைய ஹாரன் ஒயரில், போகவும் திரும்பவும் சேர்த்து 4 மீட்டருக்கு, 7 ஆம்பியரில் 1.1 வோல்ட் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. கடையில் கேட்ட சத்தம் சாலையில் கேட்காததற்கு அதுவே காரணம். ஒன்றரை சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியதும் இழப்பு 0.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் அமைந்தது இது: விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும், சார்ஜருக்கு முக்கால் சதுர மில்லிமீட்டரும் ஊதா நிற 3 ஆம்பியரும், ஹாரனுக்கு ஒன்றரையும் சிவப்பு நிற 10 ஆம்பியரும், கம்ப்ரஸர் சாக்கெட்டுக்கு இரண்டரையும் நீல நிற 15 ஆம்பியரும். பாட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் தாய் ஒயர் 4 சதுர மில்லிமீட்டர். அதற்கு 25 ஆம்பியர்.

அந்தத் தாய் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பாட்டரியின் பக்கத்தில்தான். பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்கு எந்தக் காவலும் கிடையாது. அது எங்கே உரசினாலும் பாட்டரி முழு பலத்தோடு எரிக்கும். ஆகவே அந்தக் காவலற்ற துண்டை ஒரு சாணுக்கும் குறைவாக வைத்து, அதற்கும் தனியாக ஸ்லீவ் போட்டேன்.

இணைப்புகளை ஈயம் உருக்கிச் சால்டர் செய்வதா, திம்பிளை ஒயர்மேல் அழுத்திக் கவ்வவைத்துக் கிரிம்ப் செய்வதா என்பது நண்பர்களிடையே ஓயாத சண்டை. நான் கிரிம்ப் கட்சி. சால்டர் உருகும்போது ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி, இணைப்புக்கு வெளியேயும் கொஞ்ச தூரம் ஒயரைக் கம்பியாக்கிவிடுகிறது. அந்தக் கம்பி முடிந்து இழை தொடங்கும் இடத்தில் அதிர்வு முழுவதும் குவியும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் அதிர்வுக்கா பஞ்சம்? ஆனால் கிரிம்ப் என்றால் கொறடால் நசுக்குவது இல்லை. ராட்செட் வைத்த கருவி, சரியான அழுத்தம் முழுமையாகும்வரை திறக்காது. திம்பிளில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும்; ஒரு ஜோடி செம்பைக் கவ்வும், பின்னால் இருக்கும் மற்றொரு ஜோடி உறையைக் கவ்வும். இழுவையைத் தாங்குவது இந்த இரண்டாவதுதான். கடைகளில் செய்யும்போது பெரும்பாலும் இதையே விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் செய்த பத்துத் திம்பிள்களையும் இழுத்துச் சோதித்ததில் மூன்று கையோடு வந்துவிட்டன. வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் செய்தேன். பதினொன்றாவதிலிருந்து கை பழகியது.

இனி ரிலே. சாவியைப் போட்டால்தான் விளக்கும் சார்ஜரும் ஹாரனும் உயிர்பெற வேண்டும். அணைத்தால் அவை முழுமையாகச் சாக வேண்டும். கம்ப்ரஸர் சாக்கெட்டும், வீட்டில் பாட்டரி சார்ஜரை மாட்டுவதற்கான சிறு கிளையும் மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கலாம். ஆகவே பெட்டியின் ஆறு உள்வாய்களில் நான்கை இணைத்து ரிலேயின் 87ஆம் காலோடு சேர்த்தேன். இரண்டைத் தாய் ஒயரோடு நேராகச் சேர்த்தேன். ரிலேயின் 30ஆம் காலுக்குத் தாய் ஒயர். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் முனைகள். அச்சுருள் இழுப்பது ஏறக்குறைய 0.15 ஆம்பியர்தான் என்பதால், அதை எழுப்புவதற்கு வண்டியின் ஏதாவதொரு சிறிய விளக்கிலிருந்து சைகை வாங்கினால் போதும். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்பது விதி. ஆகவே என் வண்டியில் பின் விளக்கும் எப்போதும் கூடவே எரிகிறது, அதன் கனெக்டரோ இருக்கைக்குக் கீழேயே இருக்கிறது. அதே வகைக் கனெக்டரில் ஆண், பெண் ஒரு ஜோடி வாங்கி, இடையில் செருகும் சிறு கிளை ஒயர் ஒன்றைச் செய்தேன். கம்பெனி ஒயரைச் சீவாமல் சைகை கிடைத்தது. ஒயரின் உறையைக் கிழித்துக் கவ்வும் நீலப் பிளாஸ்டிக் கிளிப்புகள் இந்த வேலைக்கென்றே கடைகளில் கிடைக்கின்றன. அவை இழைகளில் பாதியை அறுத்துவிட்டு மழைநீருக்கு வாசலும் திறந்துவைக்கும். வீட்டுக்குள் நுழைய விடாதீர்கள்.

இங்கேதான் நான் என் பங்குக்கு ஒரு தப்புச் செய்தேன். எல்லாம் மாட்டி முடித்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ரிலேயிலிருந்து டிக் என்ற ஓசை வர வேண்டும், வரவில்லை. கூடவே பின் விளக்கும் எரியவில்லை. சாவியை அணைத்துப் போட்டேன், அப்படியேதான் இருந்தது. அதுவரை நன்றாக இருந்த வண்டியின் சொந்தச் சுற்று ஒன்றை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியதும் வயிற்றைக் கலக்கியது. இரண்டு மணி நேரம் கனெக்டர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கம்பெனி ஃபியூஸ் ஒன்று அறுந்திருந்தது. புதியதைப் போட்டேன், அதுவும் அறுந்தது. கடைசியில் ரிலேயின் முதுகில் அச்சிட்டிருந்த சிறு படத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தபோதுதான், சுருளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணமும் கோடும் தெரிந்தன. டயோடு.

சாதாரண ரிலேயில் 85, 86 இரண்டையும் எப்படி மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்யும். சுருளை அணைக்கும்போது அதில் சேர்ந்திருக்கும் காந்த ஆற்றல் ஒரு பெரிய வோல்ட்டேஜ் துள்ளலாக வெளிவரும். மற்ற எலெக்ட்ரானிக் பகுதிகளுக்கு அது ஆகாது என்பதால், நல்ல ரிலேக்களில் அந்தத் துள்ளலை விழுங்க ஒரு டயோடைச் சேர்த்திருப்பார்கள். டயோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். 86ஆம் காலில் பாசிட்டிவ், 85ஆம் காலில் நெகட்டிவ் கொடுக்க வேண்டும். நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். டயோடு வழியாக நேர் ஷார்ட். நல்லதைத் தேடி வாங்கியதால் வந்த வினை. ஃபியூஸ் சரியான அளவில் இருந்ததால் பின் விளக்கின் ஒயர் தப்பியது என்பதை அப்போது சிரிக்க முடியாமல் கவனித்தேன். அதே ஷார்ட்டில் டயோடும் கருகியிருக்கும் என்பதால் அந்த ரிலேயை நம்பவில்லை. மறுநாள் வேறொன்று வாங்கினேன். கூடவே, சைகை ஒயரில் தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன். இனி என் சோதனைகளால் அறுவது என் ஃபியூஸாகவே இருக்கட்டும், கம்பெனியுடையதாக வேண்டாம்.

ஒயர்களை ஓட்டுவதற்குத்தான் மொத்த நேரத்தில் பாதிக்குமேல் ஆனது. கம்பெனி ஒயரிங் கிட் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் போவது நல்லது. ஏனென்றால் எங்கே உரசும், எங்கே சுடும் என்று அவர்கள் ஏற்கெனவே யோசித்திருக்கிறார்கள். கழுத்துப் பகுதியில் மட்டும் அவசரமே இல்லாமல் உட்கார்ந்தேன். கைப்பிடியை இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும் திருப்பி, இரண்டு கோடியிலும் ஒயர் இழுபடாமலும் எங்கும் சிக்காமலும் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு நண்பரை ஏற்றி உட்காரச் சொல்லி முன் சஸ்பென்ஷனை அமுக்கி மறுபடியும் பார்த்தேன். அங்கே ஜிப் டை கொண்டு கட்டுவதே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் கட்டி, இடையில் ஒரு வளைவைத் தளர்வாக விட்டேன். நெளிவுக் குழாய்க்குமேல் துணி டேப்பும் சுற்றினேன். ஒவ்வொரு கனெக்டருக்கும் முன்னால் ஒயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டேன். ஒயரைப் பிடித்து வழிந்து வரும் மழைநீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது.

எர்த் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஏதாவதொரு போல்ட்டில் நெகட்டிவைக் கட்டிவிட்டுப் போவது எளிது. சட்டகம் முழுவதும் எர்த்தானே என்பார்கள். ஆனால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறது, பெயின்ட்டைச் சுரண்டினால் துரு வருகிறது. விளக்கு மங்கும்போது எல்லோரும் பாசிட்டிவ் பக்கத்தைத்தான் தேடுவார்கள். ஆகவே எல்லா நெகட்டிவ் ஒயர்களையும் பித்தளைப் பட்டைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைப் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்குக் கொடுத்தேன். ஒயர் செலவு கூடுதல்தான். பாட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சட்டகத்தைத் தொடும் அந்த ஒரு நொடியில் வெல்டிங் பட்டறை வாசலில் நிற்பதுபோல் இருக்கும்.

முடித்ததும் இரண்டு அளவுகளை எடுத்தேன். விளக்குகள் எரியும்போது பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் விளக்கின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே 0.16 வோல்ட், நெகட்டிவ் பக்கத்தில் 0.12. கணக்கில் வந்ததைவிடச் சற்றே கூடுதல். கனெக்டர்களும் ஃபியூஸும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, சாவி அணைந்திருக்கும்போது பாட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டம். பழைய அமைப்பில் சார்ஜரின் நீல விளக்கும் அதன் வோல்ட் காட்டியும் சேர்ந்து இரவு பகலாக 20 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவு. பாட்டரியே 8 ஆம்பியர் மணிதான். இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் செல்ஃப் எடுக்காது என்ற என் நெடுநாள் புதிரும், "பாட்டரி சரியில்ல சார், மாத்திடுங்க" என்று கடைக்காரர் பேச்சைக் கேட்டு நான் மாற்றிய ஒரு பாட்டரியும் நினைவுக்கு வந்தன.

விளக்குகளைப் பற்றி ஒன்று. எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்படி அவற்றை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒயரிங் நேர்த்தியைப் பற்றிப் பெருமை பேசுவதில் அர்த்தமில்லை. என்னுடையவை கீழ்நோக்கி, சாலையின் இடது ஓரத்தைப் பார்க்கும்படி இருக்கின்றன, நகருக்குள் போடுவதில்லை. வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பேசுகிறது. போக்குவரத்துக் காவலர் ஓரங்கட்டச் சொன்னால் அவரிடம் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

இருக்கையின் அடிப்புறத்தில் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறேன். எந்த இடத்தில் எந்த ஃபியூஸ், எந்த நிற ஒயர், ரிலேயின் எந்தக் கால் எங்கே போகிறது என்று கையாலேயே வரைந்த படம். பாயிடம் காட்டினேன். பெட்டியையும் ஒயர்களையும் கொஞ்ச நேரம் பார்த்தவர், ஒவ்வொரு திம்பிளையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். எதுவும் வரவில்லை. பிறகு படத்தைப் பார்த்து, "இது இல்லாட்டி இன்னும் ரெண்டு வருஷத்துல உனக்கே தெரியாது" என்றார்.

இதெல்லாம் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு முழு வடகிழக்குப் பருவமழை வந்துபோயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்தேன். களிம்பு எங்கும் இல்லை. ஆனால் 15 ஆம்பியர் இருக்கும் இடத்தில், ஃபியூஸின் ஒரு காலும் அதைப் பிடிக்கும் தகடும் லேசாகப் பழுப்பேறியிருந்தன. தகட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பிடியில் தடை கூடி, கம்ப்ரஸர் ஓடும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் சுட்டிருக்கிறது. மலிவான பெட்டியின் பலவீனம் அதுதான் என்று நினைக்கிறேன். கம்ப்ரஸர் கிளையை இப்போதைக்கு, காலியாக இருந்த இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். அது சாவியோடு சேர்ந்த பக்கம் என்பதால், காற்றடிக்கும்போது சாவியைப் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. படத்தில் அந்த வரியை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் திருத்தி எழுதினேன். தடித்த தகடு வைத்த வேறு பெட்டி கிடைக்குமா என்று பார்க்க வரும் சனிக்கிழமை மறுபடியும் ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும்.